விளக்கை அணைத்த பிறகும் படிக்கலாம்!

இருட்டு அறைக்கு ஏற்ற இ-ரீடர் எது? வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

இரவு மணி 11.

சின்ன வீடு. படுக்கை அறை ஒன்றுதான். கட்டிலில் கணவன் படுத்திருக்கிறான். காலை 5 மணிக்கு அவன் பஸ் டெப்போவில் இருக்க வேண்டும். கீழே விரித்த பாயில் குழந்தை தூங்குகிறது. குழந்தைக்கு அந்தப் பக்கம் பாட்டி.

மனைவி மட்டும் தூங்கவில்லை. அவள் கையில் ஒரு கதைப் புத்தகம்.

பகல் முழுவதும் அவளுக்கு ஓயாத வேலை. சமையல், துணி, குழந்தை, மாமியாருக்கு மருந்து. எல்லாம் முடிந்து "அப்பாடா!" என்று உட்காரும்போது மணி 10 ஆகிவிடுகிறது. அவளுக்கென்று கிடைக்கிற நேரம் அந்த ஒரு மணி நேரம்தான்.

"விளக்கை அணைக்கிறாயா, இல்லையா?"

"இன்னும் ரெண்டே பக்கம்ங்க!"

"இதையேதான் அரை மணி முன்னாலேயும் சொன்னே!"

குழந்தை சிணுங்குகிறது. பாட்டி இருமுகிறாள். "டக்" என்று விளக்கு அணைகிறது. கதை பாதியில் நிற்கிறது.

இதில் யார் மேல் குற்றம்? இருவர் மேலும் இல்லை. தூக்கம் கெட்டால் பஸ் ஓட்ட முடியாது. படிப்பு நின்றால் மனசுக்கு நிம்மதி இல்லை. ஒருவர் படிக்க வேண்டும். மற்றவர் தூங்க வேண்டும். அறையோ ஒன்று!

இந்தச் சண்டை புதிதல்ல. அரிக்கேன் விளக்குக் காலத்திலேயே இது உண்டு. இன்று இதைத் தீர்க்க ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் "இ-ரீடர்".

ஆனால் கடைக்குப் போய், "ஒரு இ-ரீடர் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்துவிடக் கூடாது. பகலில் படிப்பதற்கு ஏற்றது எல்லாம் இருட்டு அறைக்கு ஏற்றது ஆகாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இங்கே சொல்லுகிறோம்.

செல்போன் இருக்கிறதே?

"கையில்தான் செல்போன் இருக்கிறதே! அதிலேயே படிக்கலாமே! இன்னொரு கருவி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

செல்போன் திரை தானே ஒளி விடுகிறது. அந்த ஒளி நேராக உங்கள் கண்ணுக்கு வருகிறது. டார்ச் விளக்கின் மேல் எழுத்து எழுதி, அதைப் படிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதப் புத்தகம் அப்படி அல்ல. அதற்குச் சொந்த ஒளி கிடையாது. விளக்கின் ஒளி காகிதத்தில் பட்டு, திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓலையையும் காகிதத்தையும் மனிதன் இப்படித்தான் படித்து வருகிறான்.

இ-ரீடர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதன் திரை காகிதம் மாதிரி. வெயிலில் வைத்தால் கூசாது. இன்னும் தெளிவாகத் தெரியும்!

செல்போனில் இன்னொரு தொல்லையும் உண்டு. கதையில் கொலைகாரனைப் பிடிக்கப் போகிற நேரம். "டிங்" என்று சத்தம். யாரோ "குட் நைட்" அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் போகிறீர்கள். பிறகு ஒரு வீடியோ. அப்புறம் இன்னொன்று. மணி 1 ஆகிவிடுகிறது. கொலைகாரன் தப்பிவிடுகிறான்!

மை உருண்டைகள்

இ-ரீடரின் திரையில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

அந்தத் திரைக்குள் லட்சக்கணக்கான குட்டி உருண்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய தலைமயிரின் பருமன்தான். உருண்டைக்குள் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் தூளும் கறுப்புத் தூளும் மிதக்கின்றன.

மின்சாரத்தை ஒரு விதமாகக் கொடுத்தால் வெள்ளைத் தூள் மேலே வரும். அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். மாற்றிக் கொடுத்தால் கறுப்புத் தூள் மேலே வரும். அந்த இடம் கறுப்பாகத் தெரியும். இப்படியே புள்ளி புள்ளியாக எழுத்து உண்டாகிறது.

எழுத்து உண்டான பிறகு மின்சாரம் தேவை இல்லை. அது அப்படியே நிற்கும். அடுத்த பக்கம் திருப்பும்போதுதான் மறுபடியும் மின்சாரம் வேண்டும். அதனால்தான் ஒரு தடவை சார்ஜ் செய்தால் வாரக் கணக்கில் வருகிறது.

இந்த "மின் மை"யைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்விக்கூடத்தைச் சேர்ந்தவர்கள். ஜோசப் ஜேக்கப்சன் என்ற விஞ்ஞானி. அவருடன் ஜே.டி. ஆல்பர்ட், பாரெட் காமிஸ்கி என்று இரண்டு மாணவர்கள். 1997-ம் ஆண்டில் இதற்காகவே "இ இங்க்" என்ற கம்பெனி தொடங்கப்பட்டது.

2004-ல் ஜப்பானில் சோனி கம்பெனி இந்தத் திரையை வைத்து "லிப்ரியே" என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2007-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெசான் கம்பெனியின் "கிண்டில்" வந்தது. அப்போது அதன் விலை 399 டாலர். விற்பனைக்கு வந்த அன்றே, ஐந்தரை மணி நேரத்தில் இருந்த சரக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது!

இருட்டில் திண்டாட்டம்

எல்லாம் சரி. ஆனால், அந்த முதல் கிண்டிலில் ஒரு குறை இருந்தது. அதில் விளக்கு கிடையாது!

காகிதம் மாதிரியே செய்தார்கள் அல்லவா? காகிதம் மாதிரியே அது இருட்டில் தெரியாமல் போய்விட்டது! படுக்கையில் படிப்பவர்கள் திண்டாடினார்கள். கிளிப் வைத்த குட்டி விளக்கு ஒன்றை வாங்கி, கருவியின் தலையில் மாட்டிக்கொண்டு படித்தார்கள்.

சோனி கம்பெனி 2008-ல் திரையின் ஓரத்திலேயே விளக்கு வைத்துப் பார்த்தது. 2010-ல் அமெசான், விளக்கு வைத்த தோல் உறையை விற்றது.

நல்ல வழி 2012-ல் பிறந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவின் பெரிய புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்டு நோபிள், "நூக்" என்ற தன் கருவியில் உள்விளக்கு வைத்தது. சில மாதங்களில் அமெசானின் "கிண்டில் பேப்பர்ஒயிட்" வந்தது.

திரையின் விளிம்பில் சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்குகள். திரைக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தகடு. விளிம்பில் இருந்து வரும் ஒளியை அந்தத் தகடு எங்கும் பரப்பி, கீழே எழுத்தின் மேல் விழச் செய்கிறது. எழுத்தில் பட்ட ஒளி திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது.

அதாவது, புத்தகத்தின் பக்கத்தில் ஒரு சிம்னி விளக்கை வைத்துப் படிப்பது மாதிரி. ஆனால் அந்த விளக்கு புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இ-ரீடரிலும் ஒளி கண்ணுக்கு வரத்தான் செய்யும். ஒளி வராவிட்டால் எழுத்து எப்படித் தெரியும்? ஆனால் அதை மிகமிகக் குறைத்துக்கொள்ள முடியும். இருட்டு அறைக்கு வேண்டியது அதுதான்.

தூக்கத்தின் எதிரி

ஒளியைக் குறைப்பதில் அப்படி என்ன லாபம்? தூக்கம்தான்!

நம் மூளையில் பீனியல் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. பொழுது சாய்ந்து இருட்டியதும் "மெலடோனின்" என்ற பொருளை அது சுரக்கிறது. "இரவு வந்துவிட்டது. தூங்கு" என்று உடம்புக்குச் சொல்லும் தூதுவன் அது.

மெலடோனினை முதலில் பிரித்து எடுத்தவர் அமெரிக்க டாக்டர் ஏரன் லெர்னர். ஆண்டு 1958. அவர் தோல் வைத்தியர்! தோலின் நிறத்தைப் பற்றி ஆராயப் போன இடத்தில் இந்தப் பொருள் கிடைத்தது.

இரவில் கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் பட்டால் மெலடோனின் சுரப்பது குறைந்துவிடும். நம் கண்ணுக்குள் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே தனி வகைச் செல்கள் இருப்பதை 2002-ல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். நீல நிற ஒளி என்றால் அந்தச் செல்களுக்கு உடனே உறைக்கும். "பகல் வந்துவிட்டது!" என்று அவை மூளைக்குத் தந்தி அடித்துவிடும்!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் இதைச் சோதித்தார்கள். 12 பேரை அங்கேயே தங்க வைத்தார்கள். தூங்குவதற்கு முன் 4 மணி நேரம் அவர்கள் படிக்க வேண்டும். 5 நாள் காகிதப் புத்தகம். 5 நாள், ஒளி விடும் திரை உள்ள ஐபேட்.

முடிவு 2014 டிசம்பரில் வெளியாயிற்று. ஐபேடில் படித்த நாட்களில் தூக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக ஆயிற்று. மாலையில் சுரக்கும் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. மறுநாள் காலையில் மந்தமும் அதிகமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பயந்துவிடாதீர்கள். அந்தச் சோதனையில் ஐபேடின் ஒளியை முழு அளவுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். படித்ததும் நாலு மணி நேரம்! இ-ரீடரின் ஒளியை நன்றாகக் குறைத்து, அரை மணியோ ஒரு மணியோ படிப்பது வேறு விஷயம்.

கண் கெட்டுப் போகுமா?

"இருட்டில் படிக்காதே! கண் அவிந்து போகும்!"

இது நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் எச்சரிக்கை. பாட்டியின் அக்கறை பெரிது. ஆனால் கண் டாக்டர்கள் சொல்வது வேறு. மங்கிய ஒளியில் படிப்பதால் கண் நிரந்தரமாகக் கெடாது. களைத்துப் போகும். வலிக்கும். தலை நோகும். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும்.

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்ட மறந்துவிடுகிறோம். அதனால் கண் காய்ந்து எரிகிறது. அடிக்கடி கண்ணை மூடித் திறவுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கித் தூரத்தில் பாருங்கள். தொடர்ந்து வலி இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

ஐந்து சோதனைகள்

சரி, கருவி வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எதைப் பார்க்க வேண்டும்?

1. எவ்வளவு குறையும்?

கடைக்காரர், "இது எவ்வளவு பிரகாசம் பாருங்கள்!" என்று ஒளியை ஏற்றிக் காட்டுவார். நீங்கள், "எவ்வளவு குறையும்? அதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

இருட்டில் சிறிது நேரம் இருந்தால் நம் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அப்போது கொஞ்ச வெளிச்சமே நிறையத் தெரியும். ஆகவே, இருட்டு அறைக்கு வாங்கும் கருவிக்கு அதிக வெளிச்சம் முக்கியம் அல்ல. கடைசி வரை குறைக்க முடிகிறதா என்பதுதான் முக்கியம்.

கடையில் விளக்குகள் பளபளவென்று எரியும். அங்கே எப்படிச் சோதிப்பது? கருவியைத் துணிப்பைக்குள் வைத்து, ஒளியைக் குறைத்து, எட்டிப் பாருங்கள். அல்லது துண்டை முக்காடு போட்டுக்கொண்டு பாருங்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! பணம் உங்களுடையது.

இணையத்தில் வாங்கினால், வந்த அன்று இரவே அறையை இருட்டாக்கிச் சோதித்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஒளி சமமாக இருக்கிறதா?

மங்கிய ஒளியில்தான் குறைகள் தெரியும். ஒரு மூலையில் வெளிச்சமும் ஒரு மூலையில் நிழலும் இருந்தால் கண் அங்கேயே போகும். கதையில் மனம் ஓடாது.

விளிம்பில் எத்தனை எல்.இ.டி. விளக்குகள் என்று கேளுங்கள். 2022-ல் வந்த சாதாரணக் கிண்டிலில் 4 விளக்குகள். 2021-ல் வந்த பேப்பர்ஒயிட்டில் 17. எண்ணிக்கை கூடினால் ஒளி சமமாகப் பரவ வாய்ப்பு அதிகம். ஆனாலும் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். கண்ணால் பார்ப்பதே மெய்.

3. மஞ்சள் ஒளி உண்டா?

சில கருவிகளில் வெள்ளை விளக்குடன் மஞ்சள் விளக்கும் இருக்கும். இரவானதும் வெள்ளையைக் குறைத்து மஞ்சளைக் கூட்டிக்கொள்ளலாம். பக்கம் முழுவதும் அகல் விளக்கு ஒளி மாதிரி தெரியும்.

2016-ல் "கோபோ" கம்பெனி "ஆரா ஒன்" என்ற கருவியில் இதைக் கொண்டு வந்தது. கிண்டில் வகையில் 2019-ல் "ஓயாசிஸ்" கருவிக்கும், 2021-ல் பேப்பர்ஒயிட்டுக்கும் இது வந்தது. 2022-லும் 2024-லும் வந்த சாதாரணக் கிண்டிலில் இது இல்லை.

மஞ்சள் ஒளியில் நீலம் குறைவு. கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று பலர் சொல்லுகிறார்கள். ஆனால் மஞ்சள் என்பதற்காக அதை முழு அளவுக்கு ஏற்றிவிடக் கூடாது. வெள்ளையோ மஞ்சளோ, முதலில் ஒளியைக் குறையுங்கள். நிறம் அப்புறம்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து தெரியும்படியும் சில கருவிகளில் மாற்றலாம். பக்கத்தில் தூங்குகிறவர் மேல் வெளிச்சம் விழுவது அதனால் இன்னும் குறையும். ஆனால் சிலருக்கு, முக்கியமாகப் பார்வைக் கோளாறு உள்ளவர்களுக்கு, வெள்ளை எழுத்து கலங்கித் தெரியும். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

4. கை வலிக்குமா? சத்தம் வருமா?

படுத்துக்கொண்டு படிக்கும்போது கருவியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை தளர்ந்தால் மூக்கில் விழும்!

சாதாரணக் கிண்டிலின் எடை 158 கிராம். 2021 பேப்பர்ஒயிட் 205 கிராம். 2024-ல் வந்த 7 அங்குலத் திரை பேப்பர்ஒயிட் 211 கிராம். உறை போட்டால் எடை கூடும். படிக்கும்போது உறையைக் கழற்றிவிடலாம்.

சில கருவிகளில் பக்கம் திருப்பப் பொத்தான் உண்டு. ஒரு கையால் படிக்க அது சௌகரியம். ஆனால் பொத்தானை அழுத்தினால் "டிக்" என்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பகலில் அந்தச் சத்தம் காதில் விழாது. நடுநிசியில் குழந்தையை எழுப்ப அது போதும்! திரையைத் தொட்டுப் பக்கம் திருப்பினால் சத்தமே இல்லை.

ஒருக்களித்துப் படுத்தால் செல்போனில் எழுத்தும் சில சமயம் சாய்ந்துவிடும். இ-ரீடரில் அந்தத் தொல்லை இருக்கிறதா, இருந்தால் நிறுத்த முடியுமா என்பதையும் கேளுங்கள்.

5. தமிழ் வருமா?

மிக முக்கியமான சோதனை இதுதான். மற்ற நான்கிலும் தேறி, தமிழ் வராவிட்டால் அந்தக் கருவியால் நமக்கு என்ன பிரயோசனம்?

2016-ம் ஆண்டு டிசம்பரில் கிண்டிலில் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் புத்தகங்கள் விற்பனைக்கு வந்தன. மற்றக் கம்பெனிக் கருவியானால் ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "கொ", "கோ", "கௌ" ஆகிய எழுத்துகள் சரியாக வருகின்றனவா, கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். எழுத்து பெரிதாகிறதா என்றும் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் குறைந்த ஒளியிலேயே படிக்கலாம். வயதானவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

விலை இல்லாத தமிழ்ப் புத்தகங்களும் நிறைய உண்டு. உலகின் பல நாடுகளில் உள்ள தமிழர்கள் சேர்ந்து 1998-ல் "மதுரைத் திட்டம்" என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். சங்க நூல்கள் முதல் கல்கியின் "பொன்னியின் செல்வன்" வரை அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அச்சுப் புத்தகமாகப் படுக்கையில் தூக்கிப் பிடித்தால் கை கழன்றுவிடும். ஐந்து பாகமும் 158 கிராமுக்குள் அடங்கிவிடுகின்றன!

இதில் ஒரு ஜாக்கிரதை. புத்தகம் "இ-பப்" வடிவத்தில் இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். "பி.டி.எப்." வடிவம் என்றால் பக்கத்தைப் படம் பிடித்து வைத்தது மாதிரி. 6 அங்குலத் திரையில் எழுத்து எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். அதை வைத்துக்கொண்டு இருட்டில் மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆறு வாரக் கணக்கு

"ஒரு தடவை சார்ஜ் செய்தால் 6 வாரம் வரும்" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அது பொய் அல்ல. ஆனால் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாளைக்கு அரை மணி படித்தால் என்றுதான் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். 6 வாரம் என்றால் 42 நாள். 42 அரை மணி என்றால் 21 மணி நேரம். நீங்கள் தினம் 2 மணி நேரம் படித்தால், 10 அல்லது 11 நாளில் சார்ஜ் தீர்ந்துவிடும். ஒளியை ஏற்றி வைத்தால் இன்னும் சீக்கிரம் தீரும். குறைத்து வைத்தால் தூக்கத்துக்கும் நல்லது, பாட்டரிக்கும் நல்லது!

யாருக்கு எது?

எல்லோரும் கருவி வாங்கியே தீர வேண்டும் என்பது இல்லை.

வாரத்துக்கு ஒரு நாள், பத்துப் பக்கம் படிப்பவரா? ஒன்றும் வாங்க வேண்டாம். செல்போனின் ஒளியை அடியோடு குறையுங்கள். பின்னணியைக் கறுப்பாக்குங்கள். விமானத்தில் ஏறியதும் போடுகிற "பிளைட் மோட்"டில் போட்டுவிடுங்கள். "டிங்" சத்தம் வராது.

வீடு நிறைய அச்சுப் புத்தகம் வைத்திருப்பவரா? கிளிப் வைத்த குட்டி விளக்கே போதும். மஞ்சள் ஒளி தருவதாகப் பார்த்து வாங்குங்கள். அது பக்கத்தில் மட்டும் விழும்படி குனிய வையுங்கள்.

தினமும் படிப்பவரா? தமிழ்ப் புத்தகம்தான் அதிகமா? விலை குறைந்த சாதாரண இ-ரீடரே போதும். ஆனால் உள்விளக்கு இருக்க வேண்டும். பழைய கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தால், "விளக்கு இருக்கிறதா?" என்பதை முதலில் கேளுங்கள். 2019-க்கு முன்பு வந்த சாதாரணக் கிண்டில்களில் உள்விளக்கு இல்லை.

இரவில் மட்டுமே படிக்க நேரம் கிடைக்கிறதா? பக்கத்தில் குழந்தை தூங்குகிறதா? ஒளி என்றால் உடனே விழித்துக்கொள்ளும் துணைவரா? அப்படியானால், மஞ்சள் ஒளி உள்ள கருவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

விலை அடிக்கடி மாறுகிறது. நாலு இடத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. கருவி கிடைத்தது என்று போர்வைக்குள் புகுந்துகொண்டு நடுநிசி வரை படிக்க விடாதீர்கள். எவ்வளவு நல்ல விளக்கானாலும், இழந்த தூக்கத்தை அதனால் திருப்பிக் கொடுக்க முடியாது.

மறுபடியும் அந்த வீடு

இரவு மணி 11. அதே அறை. அதே கட்டில். அதே பாய்.

விளக்கு அணைந்துவிட்டது. கணவன் நிம்மதியாகக் குறட்டை விடுகிறான். குழந்தை அசையவில்லை. சுவர் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கலான மஞ்சள் வெளிச்சம். அது மனைவியின் முகத்தில் மட்டும் லேசாகப் படுகிறது.

இப்போது "விளக்கை அணை" என்று சொல்ல ஆள் இல்லை. அதுவே ஓர் ஆபத்து. ஆகவே அவள் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு அத்தியாயம். அதற்கு மேல் இல்லை.

அத்தியாயம் முடிகிறது. உறையை மூடுகிறாள். வெளிச்சம் தானே அணைகிறது.

இருட்டில் பாட்டியின் குரல் மெதுவாகக் கேட்கிறது:

"ஏம்மா, முடிச்சிட்டியா? நாளைக்கு எழுத்தைப் பெரிசா வெச்சு எனக்கும் கொஞ்சம் கொடு. நானும் படிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு!"